ஏகாம்பரத்துக்கு எத்தனை கண்?

பெரிய காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகப்பிள்ளை ஜுனைத் அவர்களுக்கு, மாமா ஷபியுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கு யாவரும் நலம். பெங்களூரில் தாங்களும், மகள் லுப்னாவும், சம்பந்தி வீட்டாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். 'யாவரும் நலம்' என்று எழுதும்போதே என் கை நின்றுவிட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். யாவரும் என்றால் யார் யார், அவர்களை யார் பார்த்தது, எப்போது கேட்டது என்று உள்ளேயிருந்து ஒரு கேள்வி எழும்புகிறது. இப்போதெல்லாம் பழக்கம் அப்படி ஆகிவிட்டது. ஆகவே திருத்தி எழுதுகிறேன்: நான் சுமார். உங்கள் மாமி ஷாஹீன், அவளே சமையலறையிலிருந்து சத்தமாகச் சொன்னபடி, நலம்.

தாங்கள் போனில் 'தலைவர்கள்கிட்ட ரிப்போர்ட் சொன்னீங்களே, எப்படிப் போச்சு மாமா' என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் 'ஒரு நிமிஷம் மாமா, மீட்டிங்' என்று வைத்துவிட்டீர்கள். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை. கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் எழுதி, எழுந்து வாசல் வரை போய், திரும்பி வந்து எழுதுகிறேன். 'தறியில நாடா ஓடுற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கினே இருக்கீங்க, நாடாவாவது ஒரு புடவை நெய்யும்' என்கிறாள் உங்கள் மாமி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் நீலாம்பாள் கண் ஆஸ்பத்திரி, பட்டு வியாபாரி தனசேகரன் ஐயா தன் தாயார் பெயரில் நடத்துவது. நல்ல மனுஷர். அந்தம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் தெரியாமல் போனதால், ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார். சுற்றுப்பக்க ஊர்களில் முகாம் போட்டு, பரிசோதித்து, வண்டியில் ஏற்றி வந்து, ஆபரேஷன் செய்து, கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரும்ப அனுப்புவோம். அங்கே பதிவேட்டுப் பிரிவுக்கு நான் பொறுப்பு. இந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை எங்களுக்கு இரண்டாவது ஆபரேஷன் தியேட்டர் கட்டித் தர முன்வந்தது. வருவதற்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆஸ்பத்திரியின் டேட்டா சரியாக இருக்கிறதா என்று உள்ளுக்குள்ளேயே ஒரு சோதனை செய்து, அதன் முடிவைத் தலைமையிடம் தெரிவித்து, தலைமை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று. மேனேஜர் ராமராஜன் என் மேஜைக்கு வந்து, 'ஒண்ணுமில்ல பாய், மேலோட்டமா ஒரு பார்வை பாத்துட்டு, பார்த்தேன், நல்லா இருக்குதுன்னு ஒரு பக்கம் எழுதுங்க' என்றார். அந்த ஒரு பக்கத்தை எழுதியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாகப் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பேன்.

நான் பார்த்தேன். அதுதான் நான் செய்த காரியம். ஆபரேஷன் ஆனவர்கள் ஊருக்குப் போன பிறகு எங்கள் கம்ப்யூட்டரே அவர்களுக்குப் போன் செய்யும். தலைமை டாக்டர் புவனேஸ்வரி அம்மாவின் குரலைப் பதிவு பண்ணி வைத்திருக்கிறது. 'வணக்கம். உங்கள் கண் நலமா? நலம் என்றால் ஒன்றை அழுத்தவும். வலி, சிவப்பு, மங்கல் இருந்தால் இரண்டை அழுத்தவும்.' இரண்டை அழுத்தினால் எங்கள் நர்ஸ் ஒருத்தி திருப்பிக் கூப்பிட்டு விசாரிப்பாள். ராமராஜன் கொண்டுவந்த ஏற்பாடு இது. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஒன்றை அழுத்தியிருந்தார்கள். அந்தத் தொண்ணூற்றெட்டைத் தனசேகரன் ஐயா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னைக்காரர்கள் வருகிற விழாவுக்கு அதைப் போட்டு ஃப்ளெக்ஸ் கூட அடித்தாகிவிட்டது.

எனக்கு அந்தத் தொண்ணூத்தெட்டு புடிக்கல மருமகனே. நம்ம ஜனங்க எதையாவது நல்லா இருக்குதுன்னு ஒத்துக்கினு நான் பாத்ததே இல்ல. கல்யாண வீட்டுல பிரியாணி தேவாமிர்தமா இருந்தாலும் ரெண்டாவது தட்டு வாங்கிக்கினே 'உப்பு கொஞ்சம் தூக்கலோ'ன்னு இழுக்கிற ஊரு இது. இவங்க இவ்ளோ பேரு எப்படி ஒரே மனசா ஒண்ணை அமுத்துனாங்கன்னு யோசிச்சு, போன் நம்பரை எல்லாம் வரிசைப்படுத்திப் பாத்தேன். பாத்தா, ஒரே நம்பர். கீழ இறக்குறேன், அதே நம்பர். இன்னும் இறக்குறேன், அதே நம்பர். திருப்புட்குழி, திருமுக்கூடல், எந்த ஊரு முகாமா இருந்தாலும் பாதிக்கு மேல அதே நம்பர்தான். சரி, கூப்பிட்டே பாத்துடலாம்னு போட்டேன்.

எடுத்தவன் வணக்கம் கூட சொல்லல. "இன்னா, இப்போ எந்தக் கண்ணு?" என்றான்.

"நான் நீலாம்பாள் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஷபியுல்லா பேசுறேன். நீங்க யாருங்க?"

"அட, மெய்யாலுமே ஆளா பேசுற? நான் கம்ப்யூட்டர்னு நெனச்சேன். ஏகாம்பரம் சார். ஏகாம்பரம் சவுண்ட் சர்வீஸ். உங்க முகாமுக்கெல்லாம் மைக் செட் கட்றது நான்தான். உங்களுக்குப் புண்ணியமா போவும், அந்த டாக்டரம்மாவை போன் பண்றத நிறுத்தச் சொல்லு சார். சோறு துன்ன வுடல. வண்டி ஓட்ட வுடல. போன வாரம் ஒரு காது குத்து. போன ஆம்ப்ளிஃபயர்ல சொருகி நாதஸ்வரம் போட்டுக்கினு இருந்தேன். புள்ளைய மாமன் மடியில வெச்சு, ஆசாரி ஊசிய எடுக்குறாரு, அப்போ பாத்து மண்டபம் பூரா கேக்குது, 'உங்கள் கண் நலமா?' ஆசாரி ஊசியக் கீழ போட்டுட்டாரு சார்!"

"அப்போ நீங்க ஒண்ணை அமுத்துவீங்களா?"

"பின்ன? ஒண்ணு அமுத்துனா கட்டாவுது. ஒரு தபா தெரியாம ரெண்டு அமுத்திட்டேன். உடனே ஒரு பொண்ணு கூப்புட்டு, 'பாட்டி, எந்தக் கண்ணு வலிக்குது, சொட்டு மருந்து வுட்டீங்களா'ன்னு கேட்டுச்சு. நான் ஆம்பளைம்மான்னேன். 'பாட்டி, போனை வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட குடுங்க'ன்னுச்சு. அதுலேர்ந்து எது வந்தாலும் ஒண்ணுதான்."

எப்படி அவன் நம்பர் வந்ததுன்னு விசாரிச்சேன். ரொம்ப சாதாரணம். முகாமுக்கு வர்ற வயசானவங்க பாதிப் பேருகிட்ட போன் கிடையாது, இருந்தாலும் நம்பர் ஞாபகம் இருக்காது. ஆனா போன் நம்பர் போடலைன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. வாசல்ல வெயில்ல வரிசை நிக்குது. பதிவு பண்ற பொண்ணுங்க தலையத் தூக்கிப் பாத்தா, எதிர்ல ஸ்பீக்கர் மேல பெரிய எழுத்துல ஒரு நம்பர். ஏகாம்பரம் சவுண்ட் சர்வீஸ், காது குத்து முதல் கருமாதி வரை. போட்டுட்டாங்க. அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு.

அன்னிக்குதான் உங்களுக்குப் போன் பண்ணி, தலைவருங்ககிட்ட இந்த மாதிரி விஷயத்தை எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன். நீங்க பெரிய கம்பெனியில இதையே தொழிலா செய்றவரு, மூணு விதி சொன்னீங்க. முடிவை முதல்லயே சொல்லணும், சுத்தி வளைக்கக் கூடாது. எண்களை வரிசையா அடுக்காம கலர்ல காட்டணும், மோசமானது சிவப்பு, நல்லது பச்சை. குறையைச் சொல்லணும், ஆளைச் சொல்லக் கூடாது. மூணும் தங்கமான விதிங்க. மூணையும் நான் ஒண்ணு விடாம கடைப்பிடிச்சேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு முன்னால ராமராஜன் என் அறிக்கையை ஒரு தடவை பாக்கணும்னு வாங்கிக்கினு போனாரு. திரும்பி வந்தப்போ எனக்கே அது யார் எழுதினதுன்னு தெரியல. 'தவறு'ன்னு இருந்த இடமெல்லாம் 'மேம்பாட்டு வாய்ப்பு'ன்னு இருந்துச்சு. 'பாதிக்கு மேல் ஒரே எண்' என்கிறதை 'நோயாளிகளின் தொடர்பு எண்களில் குறிப்பிடத்தக்க ஒற்றுமை காணப்படுகிறது'ன்னு மாத்தியிருந்தாரு. "என்ன ராமராஜன் சார் இது?"ன்னா, "பாய், தலைவரு மனசு சங்கடப்படக் கூடாது. ஒற்றுமைன்னா நல்ல வார்த்தைதானே" என்கிறாரு. நான் ஒவ்வொண்ணா பழையபடி மாத்தினேன். அவரு கண்ணு என்னைப் பாக்கல, ஃபேனைப் பாத்துக்கினு இருந்துச்சு. பாவம், அவரு கொண்டாந்த ஏற்பாடு அது. அவருக்கும் பயம்தான்.

கூட்டத்துல தனசேகரன் ஐயா நடுவுல, ஒரு பக்கம் புவனேஸ்வரி அம்மா, இன்னொரு பக்கம் ராமராஜன். டீ, முந்திரி பிஸ்கட் எல்லாம் வந்துச்சு. நான் எழுந்து நின்னு, பிஸ்மில்லா சொல்லிக்கினு, உங்க முதல் விதிப்படி முடிவை முதல்லயே சொன்னேன்: "ஐயா, நம்ம நோயாளிங்கள்ல பாதிக்கு மேல ஒரே ஆளு. அவரு பேரு ஏகாம்பரம். மைக் செட்காரரு."

ஐயா டீயை வாயில வெச்சவரு எடுக்கல. டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "ஒரே ஆளுக்கா இவ்ளோ ஆபரேஷன் பண்ணோம்? ஏகாம்பரநாதருக்கே மூணு கண்ணுதான் பாய்! இந்த ஏகாம்பரத்துக்கு எத்தனை கண்ணு?" என்றாரு. டாக்டரம்மா அப்படியே விறைச்சுப்போய், "நான் ஒரே மனுஷனுக்குத் திருப்பித் திருப்பிப் பண்ணேனா? என்ன பேசுறீங்க பாய்?"ன்னு எழுந்துட்டாங்க. முடிவை முதல்ல சொன்னா ஆரம்பத்தை எப்போ சொல்றதுன்னு நீங்க எனக்குச் சொல்லித் தரல மருமகனே. அவங்களை உட்கார வெக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

சரின்னு ரெண்டாவது விதிக்குப் போனேன். படத்தைப் போட்டேன். நடுவுல பெருசா சிவப்பு, அதுதான் ஏகாம்பரம் நம்பரு. ஓரத்துல மெல்லிசா பச்சை, அது நெஜமான நம்பருங்க. நல்லா பளிச்சுன்னு தெரியணும்னு லுப்னாவுக்கு வாட்ஸப்புல அனுப்பி, கலரை அழுத்தமா போட்டு வாங்கியிருந்தேன். ஐயா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கினு கிட்டக்க வந்து பாத்தாரு. முகமே மாறிப்போச்சு. அப்பாடா, புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்.

"இந்த அரக்குச் சிவப்புக்கு இந்தப் பச்சைக் கரை என்னமா எடுக்குது பாருங்க ராமராஜன்!" என்றாரு.

"சூப்பர் காம்பினேஷன் சார்" என்றாரு ராமராஜன், தப்பிச்சோம்டா சாமின்னு.

"முந்தியில மட்டும் கொஞ்சம் ஜரிகை ஏத்தினா இந்தத் தை மாசத்துக்கு ஓடும். பாய், இந்தப் படத்தை எனக்கு வாட்ஸப்புல போடுங்க."

பரம்பரையா பட்டு விக்கிறவர்கிட்ட சிவப்பைக் காட்டி பயமுறுத்த முடியாதுன்னு எனக்குத் தோணியிருக்கணும். சிவப்பு இல்லாம அவரு ஊருல ஒரு முகூர்த்தம் நடக்குமா? சிவப்புன்னா ஆபத்துங்கறது உங்க பெங்களூருல, இங்க சிவப்புன்னா கல்யாணம்.

மூணாவது விதிதான் என்னை மொத்தமா கவுத்துச்சு. ஒரு வழியா விஷயம் என்னன்னு புரிஞ்சதும் ஐயா கேட்ட முதல் கேள்வி, "யாரு பண்ண வேலை இது?" நான் ஆளைச் சொல்லக் கூடாதே. "ஐயா, ஆளு முக்கியமில்ல, முறைதான் குறை"ன்னேன். "முறை தானா போய் நம்பர் போடுமா? யாருன்னு சொல்லுங்க"ன்னாரு. "அதைச் சொல்றது இந்த ரிவியூவோட நோக்கம் இல்லீங்க"ன்னேன். பதிவு பண்ற பொண்ணுங்க ஜன்னல் வழியா என் வாயையே பாத்துக்கினு நிக்குதுங்க. ராமராஜன் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்றாரு. அவரு செருப்புதான் போட்டிருந்தாரு. நான் திருப்பித் திருப்பி சொல்ல மாட்டேன்னு சொல்லச் சொல்ல ஐயா என்னையே ஒரு மாதிரி பாத்து, மெதுவா, "பாய், நீங்களா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க. நான் கோச்சுக்க மாட்டேன்" என்றாரு.

அப்போதான் டாக்டரம்மா மறுபடி வாயைத் திறந்தாங்க. படத்தையே பாத்துக்கினு இருந்தவங்க, ரொம்ப சின்னக் குரல்ல, "அப்போ அவங்கள்லாம் நெஜமா எப்படி இருக்காங்க பாய்?"ன்னாங்க.

"தெரியாதுங்கம்மா"ன்னேன்.

"ஒருத்தரைப் பத்திக் கூடவா?"

"அந்த நம்பருல இருக்கிற யாரைப் பத்தியும் தெரியாதும்மா."

அந்தம்மா தினம் காலையில அந்தத் தொண்ணூத்தெட்டைப் பாத்துட்டுத்தான் தியேட்டருக்குள்ள போவாங்களாம். எல்லாரும் நல்லா இருக்காங்க, இன்னிக்கும் நல்லா நடக்கும்னு ஒரு தைரியத்துக்கு. அதை அங்கதான் சொன்னாங்க. யாரும் பிஸ்கட்டைத் தொடல. நான் சந்தர்ப்பத்தை விடாம, "போன் கூப்புடுறதை நிறுத்திட்டு, ஊர் ஊரா போய் நேர்ல பாக்க அனுமதி குடுங்க, விழாவுல தொண்ணூத்தெட்டைச் சொல்லாதீங்க"ன்னு கேட்டேன். ஐயா ரொம்ப நேரம் மோதிரத்தைத் திருகிக்கினு இருந்துட்டு, "விழா முடியட்டும் பாய். ஆளுங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம். இப்போ ஊரைக் கூட்ட வேணாம்"னு எழுந்து போயிட்டாரு. கெட்ட எண்ணத்துல சொல்லல. அந்த தியேட்டர் வந்தா இன்னும் எத்தனை பேருக்குக் கண்ணு தெரியும்னுதான் அவரு கணக்கு. அதுவும் நியாயமாத்தான் பட்டுது எனக்கு. அதுதான் வேதனையே.

வீட்டுக்கு வந்தா உட்கார முடியல. தொழுகையில நின்னா எத்தனையாவது ரக்அத்துன்னு கணக்கு மறந்துபோவுது. சாப்பிட உட்கார்ந்தா, 'விழா முடியுறதுக்குள்ள யாருக்காவது கண்ணு போயிட்டா'ன்னு ஒரு நெனப்பு வந்து எழுப்பி விடுது. உங்க மாமி தட்டை இழுத்து வெச்சு, "இப்படி நடந்து நடந்து தரையில பள்ளம் போடுறதுக்கு, அந்த ஊருக்கே நடந்து போயிட்டு வந்துடுங்க"ன்னா. அவ கோவத்துல சொன்னதுதான். ஆனா எனக்கு அது சரியா பட்டுது. மறுநாள் ஞாயித்துக்கிழமை, ஆஸ்பத்திரி லீவு. லீவு நாள்ல நான் எங்க போறேன்னு யாரு கேக்குறது? திருப்புட்குழியிலதான் கடைசியா முகாம் நடந்தது, அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்ணேன். வீடு வீடா எப்படித் தேடுறதுன்னு யோசிச்சு ஏகாம்பரத்துக்கே போன் பண்ணேன். "என் பேர்ல இத்தனை பேரு கண்ணு இருக்குதா? நான் பாட்டுக்கு அமுத்திட்டேனே சார்"ன்னான். அப்புறம், "வண்டி என்னுது, டீசலும் என்னுது, வா சார்" என்றான். டாக்டரம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வெப்போம்னு சொன்னேன். விடிஞ்சதும் பாத்தா, அந்தம்மா பெட்டியும் டார்ச்சுமா எங்க தெருமுனையில எங்களுக்கு முன்னாடி வந்து நிக்கிறாங்க.

மூணு பேரும் மைக் செட் வண்டியில போனோம். மேல ரெண்டு குழாய் ஸ்பீக்கர். ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஏகாம்பரம் மைக்கைக் கையில எடுத்து, அனுபவத்துல, "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே"ன்னு ஆரம்பிச்சுட்டான். உடனே நாலு பேரு ஓடியாந்து எந்தக் கட்சின்னு கேட்டாங்க. மைக்கைப் புடுங்கி நான் பேசினேன், யாருக்கும் புரியல. கடைசியில டாக்டரம்மா வாங்கி, "நீலாம்பாள் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க பெருமாள் கோயில் வாசலுக்கு வாங்க. உங்கள் கண் நலமா?"ன்னாங்க. அந்தக் குரலைக் கேட்டதும் ஏகாம்பரத்தோட கட்டைவிரல் தானா போய் அவன் போனைத் தேடுச்சு.

ஊரே வந்துடுச்சு. ஆபரேஷன் பண்ணிக்காதவங்களும் வந்தாங்க. பல்லு வலின்னு ஒருத்தரு, ரேஷன் கார்டுல பேரு சேக்கணும்னு ஒருத்தரு, மாட்டுக்கு ஒரு கண்ணுல தண்ணி ஒழுகுதுன்னு மாட்டையே ஓட்டிக்கினு ஒருத்தரு. டாக்டரம்மா சலிக்காம ஒவ்வொரு கண்ணா டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. முக்காவாசிப் பேரு நெஜமாவே நல்லா இருந்தாங்க மருமகனே. ஒரு பெரியவரு எங்களுக்காக ஊசியில நூல் கோத்துக் காட்டினாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. சரி, நாமதான் அனாவசியமா பதறிட்டோம்னு வண்டிய எடுக்கச் சொல்றப்போ, ஒரு அம்மா மட்டும் கூட்டத்துல சேராம, தேரடி நிழல்ல, முந்தானையால ஒரு கண்ணைப் பொத்திக்கினு உட்கார்ந்திருந்தாங்க. பேரு பூவம்மாள். செங்கல் சூளையில வேலை பாத்தவங்க. டாக்டரம்மா முந்தானையை விலக்கினா, கண்ணு பழுத்த மிளகா மாதிரி இருக்குது.

"ஏம்மா இப்படியே விட்டீங்க? ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாதா?"

"வலி இருந்தா சொல்லுங்க, நாங்களே போன் போட்டுக் கேப்போம்னு சொல்லித்தானே அனுப்புனீங்க. பக்கத்து வீட்டு நம்பரு சொன்னேன், அந்தப் பொண்ணுதான் நேரமாவுதுன்னு எழுதிக்கல. யாரும் கேக்கல. கேக்கலைன்னா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போல, சரியாப் போவும்னு இருந்துட்டேன்."

டாக்டரம்மா அவங்க கையப் புடிச்சு எழுப்பி வண்டியில முன்னாடி உக்கார வெச்சாங்க. கண்ணுக்குள்ள அழற்சியாம், இன்னும் ஒரு வாரம் போயிருந்தா பார்வை தேறுறது கஷ்டம்னு வழியில எங்கிட்ட மட்டும் மெதுவா சொன்னாங்க. ஏகாம்பரம் காதுல விழுந்துடுச்சு போல. மேட்டுல பள்ளத்துல பூவம்மாளுக்கு அலுங்காம ஓட்டினான், காஞ்சிபுரம் வர்ற வரைக்கும் ஹாரன் கூட அடிக்கல.

சேதி ஐயா காதுக்குப் போகாம இருக்குமா? மறுநாளே, விழாவுக்கு ரெண்டு நாள்தான் இருக்குது, கோவமா வந்தாரு. "நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேனே பாய்"ன்னு குரல் உசந்துச்சு. உடனே டாக்டரம்மா, "சார், ஒரு நிமிஷம் வார்டுக்கு வாங்க. படம் கிடம் ஒண்ணும் இல்ல"ன்னு கூட்டிக்கினு போயிட்டாங்க. நானும் பின்னாடியே போனேன். பூவம்மாள் ஒரு கண்ணுல கட்டோட கட்டில்ல உக்காந்து இட்லி சாப்பிட்டுக்கினு இருந்தாங்க. வெள்ளை வேட்டியில பெரிய மனுஷரு வர்றதைப் பாத்ததும் தட்டை வெச்சுட்டு எழுந்திருக்கப் பாத்தாங்க.

"உக்காருங்கம்மா, உக்காருங்க"ன்னாரு ஐயா. "கண்ணு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது சாமி. உங்க புண்ணியத்துல ரொம்ப நல்லா இருக்குது."

கட்டுக்குள்ள கண்ணு அனலா கொதிக்குது. முந்தின ராத்திரி பூரா வலியில முனகினவங்க. ஐயா கட்டையும் பாத்தாரு, அவங்க முகத்தையும் பாத்தாரு. டாக்டரம்மா அவர்கிட்ட, "நேர்ல நீங்களே கேட்டாலும் ஒண்ணைத்தான் சார் அமுத்துறாங்க"ன்னாங்க.

நம்ம ஜனங்க எதையும் நல்லா இருக்குதுன்னு ஒத்துக்க மாட்டாங்கன்னு மேல எழுதினேன் இல்ல, அது தப்பு மருமகனே. பிரியாணியில குத்தம் சொல்ற வாய்தான். தருமமா வாங்கிக்கினதுல குத்தம் சொல்லக் கூச்சப்படுது. அந்தக் கூச்சத்தைச் சொல்ல போன்ல எந்தப் பட்டனும் இல்ல.

ஐயா அந்தக் கட்டில் ஓரத்துலயே உட்கார்ந்துட்டாரு. வேட்டியில சாம்பார் படுறது கூடத் தெரியல. "எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாங்க. நல்லா இருக்குதுடா, நீ கடையைப் பாருன்னு"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, கோவம் இன்னும் போகாத குரல்லயே, "என்ன செய்யணும், சொல்லுங்க பாய்" என்றாரு. சொன்னேன். இந்தத் தடவை எந்த விதியும் ஞாபகம் வரல, வாய்க்கு வந்தபடி சொன்னேன். அவருக்குப் புரிஞ்சுது.

விழாவுல ஃப்ளெக்ஸ்ல தொண்ணூத்தெட்டு மேல வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்துச்சு. ஏகாம்பரத்தோட மைக் ரெண்டு தடவை கீச்சுன்னு கத்தி அடங்கினதும் ஐயா எழுந்து, "எங்க ஆஸ்பத்திரி டேட்டாவை நாங்களே பாத்தோம். ஆபரேஷன் பண்ணிக்கினவங்கள்ல பாதிப் பேரு எப்படி இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியும்னு இத்தனை நாள் நான் மேடையில சொன்னது தப்பு. ஊர் ஊரா போய்ப் பாத்துக்கினு இருக்கோம்"ன்னாரு. சென்னைக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினாங்க. கை தட்டலாமா வேணாமான்னு தெரியாம பாதி பேரு தட்டினாங்க. தியேட்டருக்கு அவங்க சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, இந்த வேலை முடிஞ்சதும் திரும்ப வர்றோம்னு சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. ராமராஜன் இப்போ போன் நம்பர் இல்லைன்னாலும் அடுத்த பக்கத்துக்குப் போற மாதிரி கம்ப்யூட்டரை மாத்திட்டாரு, பக்கத்து வீடு, தெரு அடையாளம் எழுதவும் இடம் விட்டிருக்காரு. பூவம்மாளுக்குக் கட்டு பிரிச்சாச்சு. சிவப்பு வத்திடுச்சு, எதிர்ல இருக்கிற ஆளு முகம் தெரியுது. முன்ன அளவுக்கு வருமான்னு போகப் போகத்தான் தெரியும்னு டாக்டரம்மா ஒளிக்காம சொல்றாங்க. மத்த ஊர்லயும் பாத்தா நெறைய பேரு நல்லாத்தான் இருக்காங்க. சிலரு இல்ல, அவங்களைக் கூட்டிக்கினு வர்றோம். ஐயா மட்டும் விழாவுலேர்ந்து என்கூட சரியா பேசுறதில்ல. வழியில பாத்தா தலையை ஆட்டிட்டுப் போயிடுறாரு. அது வாழ்த்தா வருத்தமான்னு தெரியாமதான் நான் இப்படி வாசலுக்கும் வீட்டுக்குமா நடந்துக்கினு இருக்கேன்.

ஆகவே மருமகப்பிள்ளை அவர்களே, இதன் மூலம் தாங்கள் அறிய வேண்டியது யாதெனில், இனி என் ஆயுளில் எந்த நிறுவனத்தின் எந்த டேட்டாவையும் சோதனை செய்ய மாட்டேன், சோதித்தாலும் எந்தத் தலைவரிடமும் வாய் திறக்க மாட்டேன். திறந்தாலும் தங்கள் யோசனையைக் கேட்க மாட்டேன். இதைத் தங்கள் மனம் நோகச் சொல்லவில்லை. தாங்கள் படித்தவர், தங்கள் விதிகள் தங்கள் ஊர் ஏசி அறைக்குப் பொருந்தும். நான் வீட்டோடு இருந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, குர்ஆன் ஓதி, அமைதியாக இருக்கத் தீர்மானித்துவிட்டேன். மகள் லுப்னாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் ஸலாம். எல்லாம் வல்ல அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், நல்ல கண்பார்வையையும், மீட்டிங் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா,
ஷபியுல்லா

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றது. தனசேகரன் ஐயா. உங்க மாமி கொடுத்த சாயாவை நின்னுக்கினே குடிச்சுட்டு, "பாய், ஆஸ்பத்திரியே இப்படின்னா என் கடை எப்படி இருக்குமோன்னு எனக்குத் தூக்கம் வரல. கடை வாடிக்கையாளர் டேட்டாவை ஒரு பார்வை பாருங்க. எங்க தம்பிங்களுக்கும் கடையில பங்கு இருக்குது, எல்லாரையும் திங்கக்கிழமை உட்கார வெக்கிறேன், எனக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் சொல்லுங்க"ன்னாரு. வாய் தவறி சரின்னுட்டேன். அவரு தம்பிங்க மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதில்ல. முதல்ல என்ன சொல்லணும், எந்தக் கலர் போடணும், உடனே போன் பண்ணிச் சொல்லுங்க. மீட்டிங்ல இருந்தாலும் பரவாயில்ல, நான் லைன்லயே இருக்கேன்.